அரக்கிக்கு எண்ணெய் தேய்த்த கதை

அறுபது வயசுக்கு மேல் முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டக் கற்றவள் நான். கொம்பும் காலும் பிசகினால் பிசகட்டும். இதை இன்னொருத்தர் கையால் எழுதிவாங்க எனக்கு இஷ்டமில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயசு இருக்கும். குற்றாலத்தில் அப்பாவுக்கு எண்ணெய் தேய்க்கிற வேலை. சீசனுக்கு வருகிற ஆம்பிளைகளை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து அருவிக்கு அனுப்புவார். அம்மா ஒரு லாட்ஜில் ரூம் பெருக்கினாள். என் படிப்பை ஒண்ணாங்கிளாசோடு நிறுத்தியாயிற்று. கூடப்பிறந்தவர்கள் கிடையாது. லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்து சாரலைப் பார்ப்பேன். ஊரே ஜனக்கூட்டமாக இருக்கும், என்னோடு பேச ஒரு ஆள் இருக்காது.

அந்த வருஷம் மாடி ரூமில் ஒரு குடும்பம் வந்து ஒரு மாசம் தங்கியது. அப்பா, அம்மா, மாமா, என் வயசில் ஒரு பெண். அந்த அம்மாவுக்கு மனசு சரியில்லை. அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் தெளியும் என்று அப்போதெல்லாம் கூட்டிவருவார்கள். காலையும் சாயந்தரமும் ஆம்பிளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இறக்குவார்கள். அந்த அம்மா கத்துவாள். பெற்ற பிள்ளையைப் பார்த்து, "இது யாரு?" என்பாள்.

அந்த நேரம் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். மடியில் ஒரு பைண்டு புத்தகம். வாரப் பத்திரிகையில் வந்த பிள்ளைகள் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. அவள் அம்மா நன்றாக இருந்த காலத்தில் கோணி ஊசியால் தைத்துக்கொடுத்ததாம்.

அவள் சத்தமாக வாசிப்பாள். ஒரு அரக்கி நாட்டு மழையை எல்லாம் குடத்தில் அடைத்து, அருவிக்குப் பின்னால் இருக்கிற குகையில் வைத்திருக்கிறாள். ராஜகுமாரன் ஏழு மலை தாண்டிப் போகிறான். நான் வாயைப் பிளந்து கேட்பேன்.

அவன் குகை வாசலுக்கு வந்துவிட்ட அன்றைக்கு, "தொண்டை கட்டிக்கிச்சு. இப்ப நீ படி" என்று புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டாள்.

படிக்கத் தெரியாது என்றால் எழுந்து போய்விடுவாள், அப்புறம் யாரோடு பேசுவேன்? விரலை வரியில் வைத்து நகர்த்தினேன். "அப்போது குற்றாலத்துப் பெண் ஒருத்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். அரக்கியின் உச்சியில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். அரக்கி குறட்டை விட்டாள்." அப்பா கைக்குக் கீழே பெரிய பெரிய மனுஷர்கள் குறட்டை விடுவதைப் பார்த்தவள், வேறு என்னத்தைச் சொல்வேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு புத்தகத்தை வாங்கி, பக்கத்தைத் திருப்பி வாசித்தாள். "எண்ணெய் காய்வதற்குள் ராஜகுமாரன் உள்ளே நுழைந்தான்..."

எனக்குப் படிக்க வந்துவிட்டது! ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"ஆமா, அ ஆ தெரியாதவ கதை படிச்சாளாம். வாளியத் தூக்கிட்டு வாட்டி" என்றாள் அம்மா.

மறுநாள் அந்தப் பெண் கேட்டாள். "உங்கப்பா பொம்பளைங்களுக்கும் தேய்ப்பாரா?"

"சீ! ஆம்பிளையளுக்கு மட்டுந்தான்." எங்கப்பாவை என்ன நினைத்துவிட்டாள் என்று எனக்கு ரோஷம்.

"எண்ணெய் தேச்சா எல்லாருக்கும் தூக்கம் வந்துருமா?"

"அரக்கிக்கே வந்துச்சுல்லா?"



அவர்கள் ஊருக்குப் போகிற அன்று கடைசிப் பகுதியை வாசித்தாள். அரக்கி மூணு நாள் தூங்கினாள். விழித்தபோது அவள் அரக்கி இல்லை, சாபத்தில் காணாமல் போயிருந்த ராணி. ராஜகுமாரனைச் செல்லப்பேர் சொல்லிக் கூப்பிட்டாள். குடத்தைத் திறந்தாள், மழை பெய்தது. வாசிக்கும்போது அவள் கண் புத்தகத்தில் இல்லை. சாரலைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

கீழே அவள் அம்மாவை வண்டியில் ஏற்றினார்கள். அப்போதும் அந்த அம்மா இவளைக் காட்டி, "இது யாரு?" என்றாள். இவள் புத்தகத்தை என் கையில் திணித்தாள்.

"இதுல முடிவு சரியில்ல. நீயே வச்சுக்கோ."

"நல்லாத்தானே இருந்துச்சு?" என்றேன். வண்டி போய்விட்டது. மறுநாளே அந்த ரூமுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

புத்தகத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினேன். யாரிடமும் வாசித்துக் காட்டச் சொன்னதில்லை. நான்தான் படித்தவளாயிற்றே! எழுத்து வந்த பிறகு, மூணு மாசம் எழுத்துக்கூட்டி முழுசாக வாசித்தேன். அதில் குற்றாலத்துப் பெண்ணும் இல்லை, எண்ணெயும் இல்லை. நான் அன்றைக்கு விரல் ஓட்டிய இடம் பல்பொடி விளம்பரம். கடைசிப் பக்கத்தில் ராஜகுமாரன் ஒரே வீச்சில் அரக்கியின் தலையை வெட்டுகிறான்.

முதலில் வெட்கமாக இருந்தது. என் பொய் தெரிந்தும், ஒரு வார்த்தை கேட்காமல் என் பின்னாலேயே வந்திருக்கிறாள். அப்புறம்தான் அவள் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

ஆம்பிளையளுக்கு மட்டுந்தான் என்று சொல்லிவிட்டேனே. வெள்ளிக்கிழமை தவறாமல் என் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்த அம்மா, அன்றைக்கும் அதே படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிண்ணத்தோடு மாடி ஏறியிருப்பாள்.

அந்த அம்மாவுக்குத் தெளிந்திருக்குமா, தெரியாது. கொஞ்ச நேரம் தூங்கியாவது இருப்பாள்.