தாராளமாகப் போகலாம்

“படிச்சுட்டியா?” என்று கேட்கும்போதே ஹைதம் பேனா மூடியைக் கழற்றிவிடுவார். ஒப்புதல் படிவம் பதினாறு பக்கம். அவர் அதை விளக்கி முடிப்பதற்குள் மேசையில் இருக்கும் தேநீர் ஆறக்கூட ஆறாது. “மாத்திரை தருவோம், ரத்தம் எடுப்போம், சோறு போடுவோம், தினார் கொடுப்போம். மிச்சமெல்லாம் வக்கீலுங்க எழுதினது ஹபீபி, கண்ணைக் கெடுத்துக்காதே.” தலைசுற்றல், வாந்தி, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை எல்லாம் அந்த மிச்சத்தில் அடக்கம்.

அம்மானில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஆராய்ச்சி நிலையம். பழைய மருந்தும் அதைப் பார்த்துச் செய்த புது மருந்தும் உடம்பில் ஒரே மாதிரி வேலை செய்கின்றனவா என்று, நோயில்லாத ஆண்களைத் தங்கவைத்துச் சோதிப்பார்கள். அந்த ஆண்களைப் பிடித்துவந்து, படுக்கவைத்து, ஓடிவிடாமல் காப்பது ஹைதமின் உத்தியோகம். சாயம் பூசிய மீசை, கழுத்தில் கயிறு, கயிற்றில் வார்டுச் சாவி. ஒருவன் நழுவிப்போய் ஃபலாஃபில் தின்றுவிட்டு வந்து ஒரு முழு ஆய்வையே கெடுத்ததிலிருந்து, அந்தச் சாவி குளியலறைக்கும் அவருடனே போகிறது. இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் “தன்னார்வலர் பாதுகாப்பு”.

இந்த ஆண்டு நிலையத்துக்கு அங்கீகார ஆசை வந்தது. மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் அவர்களை மனிதர்களாகவும் நடத்துகிறார்களா என்று பார்த்துச் சான்றிதழ் தருகிற அமைப்பு ஒன்று இருக்கிறது. அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்கினால் ஐரோப்பியக் கம்பெனிகள் வரிசையில் நிற்கும் என்பது இயக்குநர் டாக்டர் நிதாலின் கணக்கு.

மகன் லைத்தின் பெயரை வைத்து ‘லைத்தின் அப்பா’ என்று எல்லாரும் ஹைதமை அழைப்பது போலத்தான் இயக்குநரும் அழைத்தார். “அபூ லைத், சான்றிதழ் வந்தா நீதான் தர மேலாளர். தனி ரூம். வரலைன்னா வீட்டுல உட்கார்ந்து மீசைக்குச் சாயம் அடிச்சுக்கோ.”

லைத்துக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம். அன்று மாலையே ஹைதம் பெண் வீட்டாரிடம் தம்மை மேலாளர் என்று சொல்லிக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் வருவதற்கு முந்தைய நாள் வார்டில் ஹைதம் ஒத்திகை நடத்தினார்.

“உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?”

“இல்லை.”

“எழவு வீட்டுல சொல்ற மாதிரி சொல்லாதீங்கடா. சத்தமா, சந்தோஷமா!”

“இல்லை!”

ஸர்க்காவில் டாக்ஸி ஓட்டுகிற சுஹைபுக்கு மட்டும் வரி படியவில்லை. “எப்ப வேணும்னாலும் போகலாம்” என்று சொல்லவேண்டிய இடத்தில், “எப்ப போகலாம்?” என்றே வந்தது. ஹைதம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மறுநாள் பெய்ரூத்திலிருந்து வந்த மதிப்பீட்டாளர் டாக்டர் மைசூன், அத்தனை கட்டில்களையும் விட்டுவிட்டு சுஹைபின் கட்டிலருகேதான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“நடுவுல விலகணும்னா விலகலாம்னு உங்களுக்குத் தெரியுமா?”

“எப்ப வேணும்னாலும் போகலாம், டாக்டர்!”

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. வாசலில் நின்ற ஹைதம் கண்களை மூடி இறைவனுக்கு நன்றி சொன்னார்.

“அழகாச் சொல்றீங்களே, யார் சொல்லிக்கொடுத்தது?”

“அபூ லைத்துதான். அல்லாஹ் அவருக்கு ஆயுசைக் கொடுக்கட்டும், எங்களுக்காக அவ்வளவு கஷ்டப்பட்டார். இதைத் தப்பில்லாம சொல்ற வரைக்கும் ஒருத்தரையும் வெளியே விடலைன்னா பாருங்களேன்!”

டாக்டர் மைசூனின் பார்வை மெல்லத் திரும்பி ஹைதமின் கழுத்துக் கயிற்றில் வந்து நின்றது. ஹைதம் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டார்.

சான்றிதழ் வரவில்லை. மறுபார்வைக்கு வருவோம், அதுவரை அந்த வார்டுக்குப் பூட்டே இருக்கக்கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். டாக்டர் நிதால் ஹைதமை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அடுத்த முறையும் பழியைப் போட ஓர் ஆள் வேண்டுமே. “மேலாளரே, உங்க ரூம் ரெடி” என்று வார்டு வாசலில் ஒரு நாற்காலியைக் காட்டினார். பெண் வீட்டாருக்கு இன்னும் சேதி போகவில்லை.

இப்போது ஹைதம் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார். கதவு விரியத் திறந்திருக்கிறது. யாராவது செருப்பை மாட்டிக்கொண்டு வந்தால், “தாராளமாப் போகலாம் ஹபீபி, உன் இஷ்டம்” என்று வாய் நிறையச் சொல்கிறார். சொல்லிக்கொண்டே வாசலுக்குக் குறுக்கே காலை நீட்டி எதிர்ப்பக்க நிலைச்சட்டத்தில் ஊன்றிக்கொள்கிறார்.