அடுப்புக் கண்ணாடியில் பிடித்த கரி

வீட்டைச் சூடாக்கும் எங்கள் பெல்லட் அடுப்பின் கண்ணாடி ஒரு கிழமையாகக் கரி பிடித்துக்கொண்டே இருந்தது.

மரத்தூள் பெல்லட் விற்ற சிவா அண்ணைக்குப் போன் எடுத்து, "ஈரப் பெல்லட்டைத் தந்து ஏமாத்திப்போட்டியள்" என்று கத்தினேன். எங்கள் ஸ்ரௌவ்வில் நகரத் தமிழர் வட்சப் குழுவிலும் அதையே எழுதினேன்.

இன்று சிவா அண்ணை ஸ்னோவுக்குள் புதுப் பெல்லட் பையோடு வந்தார். அடுப்பைப் பார்த்தார். வெளியே போய், அடுப்புக்குக் காற்று வரும் குழாய்க்குள்ளிருந்து உடுத்துக் கழித்த ஒரு பழைய சாரத்தை இழுத்தெடுத்தார்.

"தம்பி, உதை ஆர் அடைச்சது?"

"குளிர் வருதெண்டு… நான்தான் அண்ணை."

"காத்தில்லாட்டிக் கரிதான் பிடிக்கும்" என்றவர், சாரத்தை மடித்து என் கையில் தந்தார். தேத்தண்ணிக்கும் நிற்கவில்லை.

குழுவில் எழுதியதை அழிக்கப் போனேன். வாசித்தவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

இனி எந்த முகத்தோடு அவரிடம் பெல்லட் வாங்கப் போவது, சொல்லுங்கோ?