வாய்க்காலில் இறங்கிய மாப்பிள்ளை

சனிக்கிழமை எங்களை வாய்க்கால் பார்க்கக் கூட்டிப் போவதாகப் பிரெஞ்சு வகுப்பு ஆசிரியை சொன்னபோது, எனக்கு அவர்மீது இரக்கம்தான் வந்தது. வாய்க்காலில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நான் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்குள் வளர்ந்தவன். கிணற்றடியிலிருந்து வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் போகும் வழிதான் எங்களுக்கு வாய்க்கால். அகலக் கால் வைத்தால் கடந்துவிடலாம். இவ்வளவு பெரிய நாட்டில் காட்டுவதற்கு வேறொன்றும் கிடைக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, வகுப்பில் முதல் ஆளாகக் கையை உயர்த்தினேன். எனக்கு அவசரமாக ஒரு படம் தேவைப்பட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பிரெஞ்சு பேசும் அந்த நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில், மூன்றாம் மாடி வீடொன்றில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேருக்கும் அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஊரில் என் தாய்மாமன் தன் மகளை எனக்குக் கொடுப்பதா, லண்டனிலிருந்து கேட்டு வந்தவனுக்குக் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். லண்டன்காரன் ஒரு காரில் சாய்ந்தபடி நின்று படம் அனுப்பியிருந்தான். மாமா என்னிடமும் படம் கேட்டு எழுதினார். எழுத்தில் கோபமில்லை, ஆனால் காத்திருக்கும் பொறுமையும் இல்லை.

அந்த மச்சாளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். அவளுக்கு என்னைப் பிடிக்கக் காரணம் எதுவும் இருக்கவில்லை. ஒருமுறை இரண்டு குடும்பமும் கீரிமலைக்குப் போனபோது, என் வயதுப் பெடியள் எல்லாரும் கேணிக்குள் தலைகீழாகப் பாய, நான் மட்டும் கடைசிப் படியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நின்றேன். மாமா வந்து தூக்கும்வரை விடவில்லை. மேலே நின்ற மச்சாள் அதை ஆறுதலாகப் பார்த்துக்கொண்டு கச்சான் கடலை சாப்பிட்டாள். இப்படிப்பட்ட ஒருவன் லண்டன்காரனை வெல்வதென்றால் படத்தால்தான் முடியும்.

காரில் சாய்வது அப்போது எல்லாரும் செய்த வேலை. எங்கள் தெருவில் நின்ற ஒரு கிரேக்கக் கிழவரின் நீலக் கார் எத்தனையோ மாப்பிள்ளைமாருடன் ஊருக்குப் போய்விட்டது. அதைக் கிழவர் அறியமாட்டார். எங்கள் வீட்டில் மூத்தவர், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுபவர், எனக்கு வேறு ஆலோசனை சொன்னார்.

“கார் பழசாப் போச்சுது. வாய்க்கால்ல படகு ஓடுதாம். நீ படகில ஏறி நில். லண்டன்காரன்ர கதை முடிஞ்சுது.”

அண்ணையிடம் கமரா இருந்தது, அவரும் கூட வந்தார். நான் தேவாலயத்தில் இலவசமாகக் கிடைத்த கோட்டுச் சூட்டு அணிந்து, கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டேன். ஆடி மாத வெயில். ஆசிரியை எல்லாரையும் சாண்ட்விச் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நாங்கள் இடியப்பமும் ஒரு வாளி சொதியும் கொண்டு போனோம். மஞ்சள் பள்ளிக்கூட பஸ் குலுங்கிய இடமெல்லாம் அந்தச் சூட்டோடு சொதி வாளியை நான்தான் மடியில் வைத்திருந்தேன்.

இறங்கிப் பார்த்தேன். சோளக்காணிகளுக்கு நடுவே ஓர் ஆறே நேராகக் கோடு கீறியதுபோலக் கிடந்தது. ஒரு கரையில் சனம் சைக்கிள் ஓடியது. மரங்களுக்குக் கீழே பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடும் மனிதர்களையும் அன்றுதான் முதல்முறை கண்டேன். இவ்வளவு தண்ணீரும் எந்தத் தோட்டத்துக்குப் போகிறது என்று ஆசிரியையிடம் கையால் கேட்டேன். ஒரு தோட்டத்துக்கும் இல்லையாம், படகு போவதற்காம். நான் அதை நம்பவில்லை.

கொஞ்சத் தூரத்தில் வாய்க்காலின் இருபுறமும் கருங்கல் சுவர் எழுப்பி, முன்னும் பின்னும் பெரிய மரக் கதவு போட்டிருந்தார்கள். இரண்டு பேர் கைப்பிடியைச் சுற்றிக் கதவை அசைத்தார்கள். பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. இது மடை. வாழ்நாளில் பாதியை மடை மாற்றுவதிலேயே கழித்தவனுக்கு மடை தெரியாதா?

“அண்ணை, இப்ப மடையைத் திறப்பினம். தண்ணி உள்ளுக்கு வரும். படகு மேல எழும்பும். நான் நல்லா மேல வந்தாப் பிறகு எடுங்கோ. பின்னால வானம் தெரியோணும்.”

“உனக்கு வடிவாத் தெரியுமோ?”

“பாத்திக்குத் தண்ணி கட்டின எனக்கே சொல்லித் தாறியளோ?”

கதவுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் படகு வந்து நின்றது. அதில் ஒரு கிழவரும் மனைவியும் இருந்தார்கள். படகின் தளமும் சுவரும் ஒரே மட்டத்தில் இருந்தன. ஆசிரியை பேசிச் சம்மதம் வாங்கித் தந்தார். நான் “பொன்ஜூர்” என்று வணக்கம் சொல்லி ஏறினேன். கிழவர் என் கையில் ஒரு கயிற்றைத் தந்தார். அதன் மறுமுனை சுவருக்கு மேலிருந்த இரும்புக் குற்றியைச் சுற்றி வந்தது. படத்துக்குக் கயிறு நன்றாக இருக்கும் என்று நானும் வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, லண்டன்காரனை மனதில் வைத்துச் சிரித்தேன்.

பின்கதவு மூடியது. தண்ணீர் சுழிக்கும் சத்தம் கேட்டது. நான் எழும்பப் போகிறேன் என்று காத்திருந்தேன். முதலில் அண்ணையின் முகம் எனக்கு நேராக இருந்தது. பிறகு அவருடைய இடுப்பு நேராக வந்தது. பிறகு சப்பாத்து. இந்த மனிசன் ஏன் மேலே போகிறார் என்றுதான் யோசித்தேன். பாசி பிடித்த ஈரச் சுவர் என் மூக்குக்கு முன்னால் வளர்ந்துகொண்டே போனபோதுதான், இந்த மடை தண்ணீரை உள்ளே விடும் மடையல்ல, வெளியே விடும் மடை என்பது உறைத்தது.

உடனே கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். இறங்க இறங்கக் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டுமாம். நான் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்க, படகு ஒரு பக்கம் சரிந்தது. கிழவர் என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். வகுப்பில் அதுவரை படித்ததில் பொருத்தமானதைத் தேடி, நன்றி சொல்லும்விதமாக “மெர்சி” என்றேன். அவர் இன்னும் உரத்துக் கத்தினார். நானும் இன்னும் உரத்து “மெர்சி” என்றேன். கடைசியில் கிழவரும் மனைவியும் சேர்ந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள்.

முன்கதவு திறந்து, படகு என்னையும் கொண்டு வெளியே போனது. ஒரு வளைவு தாண்டிக் கரையில் இறக்கிவிட்டார்கள். சைக்கிள்காரர்கள் மணியடித்து விலத்த, சூட்டும் கழுத்துப்பட்டியுமாக நான் நடந்து திரும்பினேன். அண்ணை புல்லில் படுத்துக் கிடந்து சிரித்தார்.

“எடுத்தனீங்களோ?”

“மேல வந்தாப் பிறகு எடுக்கச் சொன்னனீ. நீ வரேல்லையே. ஒண்டே ஒண்டுதான் எடுத்தன், நீ அடியில நிக்கேக்க.”

மாமாவுக்கான கடிதத்தை நான் முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். ‘நான் படகில் நிற்கும் படம் இத்துடன் இருக்கிறது’ என்ற வரியும் அதில் இருந்தது. தெரு மூலையிலிருந்த டெப்பனர் கடையில் படத்தைக் கழுவக் கொடுத்து வாங்கி, கடிதத்தோடு வைத்துத் தபாலில் போடும் பொறுப்பு அண்ணையுடையது. வாய்க்காலில் நடந்ததற்குப் பிறகு அந்த வரியை நான் மறந்துவிட்டேன். அண்ணை மறக்கவில்லை.

ஒரு நாள் வேலையால் வந்தபோது, “போட்டிட்டன்” என்றார்.

“எதை?”

“நீ படகில நிக்கிற படம் ஒண்டுதானே இருந்தது.”

பிரதி மேசையில் கிடந்தது. ஆழக் கிணற்றுக்குள் விழுந்தவனை மேலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல ஒரு படம். நாலு பக்கமும் பாசிச் சுவர். நடுவில் சூட்டுப் போட்ட ஒருவன் வாயைப் பிளந்தபடி அண்ணாந்து, இரண்டு கையாலும் கயிற்றில் தொங்குகிறான். நான் அன்றிரவு சாப்பிடவில்லை. அவளை இழந்துவிட்டேன் என்று நினைத்து அழுதேன்.

மாமாவின் பதில் வரப் பல மாதங்கள் சென்றன. மச்சாள் சம்மதித்துவிட்டாள் என்று ஒரே வரி எழுதியிருந்தார். காரணம் எழுதவில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை. வழக்கு முடிந்து, ஸ்பொன்சர் சரிவந்து, அவள் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அந்தப் பத்தாண்டே முடியும் தறுவாயில் இருந்தது.

நகரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தாள். வெளியே காணிகள் ஓடின. வழியில் லவால் என்ற ஊர் வரும்வரை பொறுத்திருந்து, பிறகு கேட்டேன்.

“ஏன் லண்டன்காரனை வேண்டாமெண்டனீர்?”

“அந்தப் படத்தில காரைத்தான் தெரிஞ்சுது, அத்தான். உங்கட படத்தில உங்களைத் தெரிஞ்சுது. கீரிமலையில படியைப் பிடிச்ச அதே பிடி. பயந்த ஆள்தான், ஆனா பிடிச்சா விடமாட்டார் எண்டு அப்பாட்டைச் சொன்னன்.”

அவள் ஜன்னலைப் பார்த்தபடி, “அது ஆரின்ர படகு?” என்றாள்.

“ஆரோ ஒரு கிழவரின்ர.”

“தெரியும்.”

அவள் என் மடியைப் பார்த்தாள். விமான நிலையத்தில் அவள் கையிலிருந்து வாங்கிய பெட்டியை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.

“அதைக் கீழ விடுங்கோ அத்தான். கை நோகும்.”

நான் விடவில்லை.