நான் சொல்லாமல் விட்ட சேதி

யுத்த காலம் அது. தருமபுரி இப்போது தனி மாவட்டமாகிவிட்டது. அன்றைக்குச் சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தன. நல்லம்பள்ளி பக்கத்தில், சேலம் ரோட்டிலிருந்து அரை மைல் உள்ளே எங்கள் வீடும் இரண்டு ஏக்கர் நிலமும் இருந்தன. எனக்கு வயது ஐம்பது.

அதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் கோலார் தங்கவயலில் ஃபிட்டராக வேலை பார்த்தேன். அங்கே தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு பேண்டு செட் வைத்திருந்தோம். அதில் நான் 'பேஸ்' ஊதுபவன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பித்தளையில் செய்த பெரிய கொம்பு அது. மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல் அணைத்துப் பிடித்து ஊத வேண்டும். பாட்டையெல்லாம் கிளாரிநெட்டும் கார்னெட்டும் வாசித்துவிடும். நாம் அடியில் 'பூம், பூம்' என்று தாங்கிக்கொண்டே போக வேண்டும். ஊர்வலத்தில் யாரும் நம்மைக் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்பா இறந்த பிறகு நிலத்தைப் பார்க்க ஊருக்குத் திரும்பினேன். வரும்போது அந்தச் செட்டின் பழைய பேஸை விலைக்கு வாங்கி வந்திருந்தேன். பகலில் கேழ்வரகுக்குத் தண்ணீர் இறைப்பேன். சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து ஊதுவேன். "எந்த வூட்டு எருமைங்க இப்படிக் கத்துதுன்னு மேலத்தெருவுல கேக்கறாங்க" என்பாள் என் மனைவி. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. தனியாக ஊதினால் அது எருமைதான். கூட நாலு பேர் வாசித்தால்தான் அது சங்கீதம்.

ஆகவே செட் தேடி அலைந்தேன். தருமபுரியில் ஒரு செட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வயசு என்னங்க ஆவுது? ஊர்கோலத்துல மூணு மணி நேரம் நடக்கணுமுங்களே" என்றார். பட்டாளத்துக்குப் பையன்களெல்லாம் போய், எல்லாச் செட்டிலும் ஆள் குறைந்திருந்த நேரம் அது. அப்படியும் என்னை வேண்டாமென்றார். ஒரு மாதா கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள்; போய் ஊதினேன், பாராட்டினார்கள். ஆனால் அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு திருவிழாதான்.

அந்த வட்டாரத்திலேயே பேர் வாங்கிய செட் இன்னொன்று இருந்தது. அதை நடத்தியவர் கிளாரிநெட் வாசிப்பவர், நாற்பது வயதிருக்கும். அவரும் மரியாதையாகத்தான் பேசினார். "பேஸுக்கு நம்மகிட்ட ஆள் இருக்காருங்க. அவரு இருக்கற வரைக்கும் வேற ஆள் தேவப்படாதுங்க" என்றார்.

அந்த ஆள் யார் என்று பார்த்துவிடலாமென்று பென்னாகரத்தில் ஒரு திருவிழாவுக்குப் போனேன். போயிருக்கவே கூடாது. அவருக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. ஒரு கால் சரியாக ஊன்றவில்லை, இழுத்து இழுத்து நடந்தார். ஊர்வலத்தில் மற்றவர்கள் நடக்க, அவருக்கு மட்டும் ஒரு மாட்டுவண்டி. வண்டியில் வைக்கோல் பரப்பி உட்கார வைத்திருந்தார்கள். நொடிப்பள்ளத்தில் வண்டி இறங்கும்போது இரண்டு பேர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

வயதாகிவிட்டது, அதனால்தான் எடுக்கவில்லை என்று அதுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சமாதானம் அன்றைக்குப் போய்விட்டது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நடக்கவும் முடியாதவர், அவரைத் தாங்கித் தாங்கி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சங்கீத நோட்டு படிக்கத் தெரியும், அவருக்குத் தெரியாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் கொம்பில் இரண்டு இடத்தில் மெழுகுத்துணி சுற்றிக் கட்டியிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டே அவர் எங்கெங்கே தப்பு விடுகிறார் என்று எண்ணினேன். மூன்று தேறியது. அந்த மூன்றும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. பாட்டுக்கு நடுவில் அவ்வப்போது அந்தக் கிளாரிநெட்காரர் தலையைத் திருப்பி வண்டியில் இருந்த பெரியவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். கும்பிடு போடுவது மாதிரி ஒரு சிரிப்பு. இருபது வருஷத்தில் என்னைப் பார்த்து யாரும் அப்படித் திரும்பியதில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கொம்பைத் தொடவில்லை.

பெரியவரின் ஊர் எங்கள் வீட்டைத் தாண்டி, அதே வண்டிப்பாதையில் இரண்டு மைல். அதற்குப் பிறகு அவர் வண்டியில் ரோட்டுக்குப் போகும்போதெல்லாம் நிறுத்தி, "என்ன தம்பி, ஊதறீங்களா?" என்று கேட்பார். நானும் சிரித்து ஏதாவது சொல்வேன். வண்டி போன பிறகு வயிறு எரியும்.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை ரோட்டோரத்து டீக்கடையில் நின்றிருந்தேன். கரி போடுவதற்காகச் சேலம் பஸ் நின்றது. உள்ளிருந்து கிளாரிநெட்காரர் இறங்கி என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஒரு உபகாரம் பண்ணணுங்க. வெள்ளிக்கிழமை பென்னாகரத்துல ஒரு கல்யாணம் இருக்குது. மாப்பிள்ளை பட்டாளத்து ஆளு, லீவக் கொறச்சிட்டாங்களாம். புதன்கிழமைக்கே மாத்திட்டாங்க. நான் சேலம் போயிட்டு நாளைக்கு ராத்திரிதான் திரும்புவேன். பெரியவருக்கு மட்டும் சேதி சொல்லிடறீங்களா?"

"அதுக்கென்னங்க, சொல்லிடறேன்" என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். இப்போது சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை, ஆனால் அந்த நிமிஷம் சொல்லத்தான் நினைத்தேன். அன்றைக்குக் கேழ்வரகுக்குத் தண்ணீர் முறை, போகவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளம்பினேன். பாதி தூரத்தில் ஒரு புளியமரம். அதன் நிழலில் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்குப் பேஸ் இல்லாமல் அவர்கள் நிற்பார்கள், அப்போது நான் அங்கே இருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பைத் துரத்தாமல் அதோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினேன்.

புதன்கிழமை விடிந்ததும் கொம்பைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். "பெரியவருக்குக் காய்ச்சலுங்க. எழுந்திருக்க முடியல. என்னப் போகச் சொன்னாரு" என்று கிளாரிநெட்காரரிடம் சொன்னேன். பெரியவருக்கு என்ன ஆயிற்று, எத்தனை நாளாக என்றெல்லாம் அவர் கேட்டார். நானும் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு பதில் சொன்னேன்.

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் காஸ் விளக்குக்கு வழியில்லை. அந்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலத்தைப் பகலிலேயே நடத்தினார்கள். நல்ல வெயில். மூன்று மணி நேரம் நடந்தே ஊதினேன். ஒரு தப்பு விடவில்லை. ஒரு தடவை கிளாரிநெட்காரர் திரும்பிப் பார்த்தார். நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. ஏதோ தேடுவது மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் ஒரு சுவரில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்தபடி நின்றார். வெயில்தான் காரணம் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது வாழையிலையில் கட்டிய ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். சர்க்கரைக்கு ரேஷன் இருந்த காலத்தில் கல்யாண வீட்டு லட்டும் அதிரசமும். "பெரியவருக்குக் குடுத்துடுங்க அண்ணே. காய்ச்சல் வாய்க்கு நல்லா இருக்கும்" என்றார்.

அதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? வீட்டுக்கு எடுத்துவந்து, நமக்குத்தான் கொடுத்தார்கள் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். பெரியவருக்குக் காய்ச்சல், அதனால் என்னைக் கூப்பிட்டார்கள் என்று அவளிடமும் அதே பொய். அவளுக்கு ஒரே பெருமை. பாதியைத் தின்று பாதியை டப்பாவில் எடுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. வாசலை ஒட்டி ஆமணக்குச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் வண்டிப்பாதையில் ஓர் ஆள் காலை இழுத்து இழுத்து வருகிறார். முதுகில் சாக்கில் கட்டிய கொம்பு. அன்றைக்கு வண்டி கிடைக்கவில்லை போலிருக்கிறது. முடிந்துபோன கல்யாணத்துக்கு அந்தக் காலோடு இரண்டு மைல் நடந்து வருகிறார்.

ஓடிப்போய் நிறுத்தியிருக்க வேண்டும். நான் செடிக்குள் குனிந்துகொண்டேன்.

அவர் எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். என் மனைவி சொம்போடு வெளியே வந்தாள்.

"என்னங்கண்ணா இது, காய்ச்சலோட இந்த வெயில்ல நடந்து வர்றீங்க?"

"காய்ச்சலா? யாருக்கும்மா?"

"உங்களுக்குத்தாங்க. எழுந்திருக்க முடியலைன்னு சொன்னீங்களாம். எங்க வூட்டுக்காரருதான் உங்களுக்குப் பதிலா புதன்கிழமை பென்னாகரம் கல்யாணத்துல ஊதிட்டு வந்தாரு."

நான் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

"ஆமாம்மா, காய்ச்சலுதான். ரெண்டு நாளு படுத்துட்டேன். இப்பத் தேவல" என்றார்.

"அப்புறம் எதுக்குங்க இதத் தூக்கிட்டு?"

"ஒரு வால்வு ஒட்டிக்குது. தம்பி ஃபிட்டராச்சே, பாத்துக் குடுப்பாருன்னு எடுத்துட்டு வந்தேன். இருக்காரா?"

அவள் என்னைக் கூப்பிட்டாள். கையில் களைக்கொத்தோடு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. அவர் என்னைப் பார்த்து, "வாங்க தம்பி" என்றார், வீடு அவருடையது மாதிரி. மனைவி உள்ளே போய் ஒரு தட்டில் லட்டும் அதிரசமும் கொண்டுவந்து வைத்தாள். "கல்யாணத்துப் பலகாரங்க, சாப்பிடுங்க" என்றாள். அவருக்கென்று கொடுத்தனுப்பிய பலகாரத்தை அவர் எங்கள் வாசலில் விருந்தாளியாக உட்கார்ந்து, நல்லாயிருக்குது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்.

நான் கொம்பை வாங்கி வால்வுகளைக் கழற்றினேன். மூன்றும் எண்ணெய் விட்டு, துடைத்து, அவ்வளவு சுத்தமாக இருந்தன. எதுவும் ஒட்டவில்லை. ஆனாலும் மறுபடி ஒவ்வொன்றாகத் துடைத்தேன். தலையை நிமிர்த்த முடியவில்லை.

மனைவி உள்ளே போனதும் அவர் மெல்லக் கேட்டார். "புதன்கிழமை எப்படி இருந்துச்சு தம்பி?"

"நல்லா இருந்துச்சுங்க."

"கிளாரிநெட்டு திரும்பிப் பாத்தாரா?"

"ஒரு தடவ பாத்தாருங்க."

"அவருக்கு நெஞ்சுல இழுப்பு இருக்குது. வெளிய யாருக்கும் தெரியாது. பாட்டு நடுவுல மூச்சு எட்டாம போயிடும். அப்ப நாம விடாமப் புடிச்சு ஊதிக்கிட்டு இருந்தோமுன்னா, அவரு ஒரு வாய் மூச்சு வாங்கிக்குவாரு. சனங்களுக்கு விட்டது தெரியாது. நோட்டுல அங்க நிறுத்தச் சொல்லி இருக்கும். நிறுத்தக் கூடாது."

அவர் விட்ட தப்பென்று நான் எண்ணி வைத்திருந்த மூன்று இடங்களும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. சுவரில் சாய்ந்து நின்ற அந்த மனுஷனின் முகம் கண்முன் வந்தது. பெரியவர் கொம்பைச் சாக்கில் கட்டிக்கொண்டு எழுந்தார். ரோட்டுப் பக்கம் போகவில்லை. வந்த வழியே ஊருக்குக் கிளம்பினார். பக்கத்து வீட்டு வண்டியைக் கேட்டு நானே ஓட்டிக்கொண்டு போய் விட்டு வந்தேன். வழியில் "அண்ணே, நான் வேணுமின்னேதான்..." என்று ஆரம்பித்தேன். "மாட்டப் பாத்து ஓட்டுங்க தம்பி" என்றார். அவர் இறங்கும்போது புதன்கிழமைக் கூலியை நீட்டினேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் தருமபுரிக்குப் போய்க் கிளாரிநெட்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பெரியவரு நேத்து வந்திருந்தாருங்க. காய்ச்சல் தேவலைன்னு சொல்லிட்டுப் போனாரு. உங்கள அடுத்த கல்யாணத்துக்குக் கூடச் சேத்துக்கச் சொன்னாரு" என்றார். பிறகு, "நீங்களே வந்து சொன்னது நல்லதுங்க. ஆனா என்னால சேத்துக்க முடியாதுங்க. கோச்சுக்காதீங்க" என்றார்.

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்தச் செட்டில் அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் ஊதியதில்லை. வேறு ஒரு சின்னச் செட்டில் சில வருஷம் இடம் கிடைத்தது. பெரியவர் யுத்தம் முடிந்த மறு வருஷம் காலமாகும்வரை அந்தச் செட்டில்தான் இருந்தார். என் மனைவிக்கு அவர் சொன்னதுதான் உண்மை என்று இன்றைக்கும் நினைப்பு. இதை அவளுக்கு நான் படித்துக் காட்டப் போவதில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவர் ஊதியதைப் பார்த்து வந்த பொறாமை எப்போதோ தணிந்துவிட்டது. ஆனால், வெயிலில் கால் நோக நடந்து வந்து, தான் ஏமாற்றப்பட்டதைத் தெரிந்துகொண்ட அந்த நிமிஷத்திலேயே, ஏமாற்றியவனை அவன் மனைவி முன்னால் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றியதே, அது அவர் இடத்தில் நான் இருந்தால் எனக்குத் தோன்றியிருக்குமா என்று நினைக்கும்போதெல்லாம், இந்த வயதிலும் அவர்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.