அட்டைக்குப் பின்னால்

முகத்துக்கு முன்னால் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டுதான் என்னோடு பேசுகிறார். பழைய காலண்டரின் அட்டை. மூக்கிலிருந்து மோவாய்வரை மறைத்துவிடுகிறது. அதற்குப் பின்னாலிருந்து "மரம்" என்கிறார். நானும் "மரம்" என்கிறேன். "குடம்" என்கிறார், "படம்" என்கிறேன். அட்டைக்கு மேலே கண்கள் சிரிக்கின்றன.

"உதட்டப் பாத்தே இத்தன வருஷம் ஓட்டிட்டீங்க சார். இங்க அந்தப் பருப்பு வேகாது."

காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துக் கருவி பொருத்துவது அவர் தொழில். டயர் கடை மாடியில் இரண்டே அறை. பலகையில் தொழில் இருக்கிறது, பேர் இல்லை. யார் வீட்டுப் பெண் என்று எனக்கே வெகுநாள் தெரியாது. பெரிய தலைவரின் மகள்; இப்போதைய அமைச்சரின் தங்கை. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து கையசைத்த படம் இன்னும் எல்லாத் தேர்தலுக்கும் சுவரில் ஒட்டப்படுகிறது. நரை விழுந்த இவர் அந்தச் சுவரைத் தாண்டித்தான் ஸ்கூட்டரில் வேலைக்கு வருகிறார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் அவருக்குப் பரம திருப்தி.

கட்சிக்காரர் யாராவது மாடியேறி வந்து "அக்கா" என்று இழுத்தால், "எனக்கு ஒரே அண்ணன்தான், தம்பிங்க யாரும் கெடையாது. காதுல என்ன பிரச்சன?" என்பார். வந்தவர் சிபாரிசை மறந்து காதைத் தடவிக்கொள்வார்.

உள்ளறையில் சத்தம் புகாத கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கிறது, சோதனைக்கு வருபவர் உட்கார. ஆள் இல்லாத நேரத்தில் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காலை மடக்கி உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழத்தைச் சுளை சுளையாகச் சாப்பிடுகிறார். ஏன் இங்கே என்று கேட்டேன். "எங்க வீட்ல கதவ சாத்தினா, உள்ள யாரோ சதி பண்றாங்கன்னு அர்த்தம். சாப்பிட ஒக்காந்தா, நாற்காலி எப்ப காலியாகும்னு ஒருத்தர் பின்னாலயே நிப்பார்" என்றார்.

அப்படிப்பட்டவரை இந்தத் தேர்தலில் நிறுத்துவதென்று அண்ணன் தீர்மானித்துவிட்டார். இவர் நேரே அப்பாவிடம் போய், தனக்கு வேண்டாம் என்றார். பெரியவர் தலையாட்டினார். அந்த வீட்டில் அவர் தலையசைப்பு அரசாணைக்குச் சமம். அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இவர் நிம்மதியாகத் தூங்கப் போனார். காலையில் அண்ணன் வந்து, அப்பா சம்மதித்துவிட்டார், நாளை அறிவிப்பு என்றார். அவருக்கும் பெரியவர் தலையாட்டியிருக்கிறார். காலை முழுக்க மனு கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் அதே புன்னகை, அதே தலையாட்டல். அப்போதுதான் மகளுக்கு உறைத்தது. "ஊர்க் காதெல்லாம் பாக்கறேன், எங்கப்பா காத பாக்கல" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அன்று மாலையே, காதும் காதும் வைத்தாற்போல் பின்படி வழியாகப் பெரியவரை அழைத்துவந்தார். என் கருவியைத் துடைத்து வாங்கிக் காதில் மாட்டியபடி நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். வெளியே போகட்டுமா என்று கேட்டேன். பெரியவர் அன்பாகத் தலையாட்டினார். இருக்கவா, போகவா என்று புரியாமல் இருந்துவிட்டேன்.

மகள் அவரைக் கண்ணாடிப் பெட்டியில் ஹெட்ஃபோனோடு உட்காரவைத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொல்லிப் பொத்தானைக் கையில் கொடுத்தார். பெரியவர் தயங்காமல் அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். மகள் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பொத்தான் நிற்கவில்லை. இல்லாத சத்தத்துக்கெல்லாம் ஓட்டு விழுந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

வெளியே கூட்டிவந்து எதிரே உட்காரவைத்தார். மேஜையிலிருந்த அட்டையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார்.

"நான் தேர்தல்ல நிக்கலப்பா."

என் காதில் தெளிவாக விழுந்தது; அவர் பொருத்திய கருவி அப்படி. பெரியவர் புன்னகையோடு தலையாட்டினார்.

மறுபடி அதையே சொன்னார், குரலை உயர்த்தாமல். மறுபடி தலையாட்டல்.

மூன்றாம் முறையும் சொன்னார். பெரியவர் தலை பாதி அசைந்து நின்றது. அட்டையைப் பார்த்தார், அதற்கு மேலே, நிறைந்திருந்த மகளின் கண்களைப் பார்த்தார். எத்தனையோ மேடை ஏறியவர் மெல்லக் கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மகள் பக்கம் குனிந்தார்.

"கேக்கலம்மா. இன்னொரு தடவ சொல்லு."

மகள் அட்டையைக் கீழே இறக்கினார்.