இருமாமல் நின்ற அப்பா

அந்த அறையில் மூன்று ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், அப்பா இருந்தார், நான் இருந்தேன். அம்மா வரவில்லை, கடலை பிடுங்கும் நாள், கூலியை விட முடியாது. அப்பாவோடு பட்டாளத்துத் தானியக் கிடங்கில் வண்டுக்கு விஷப்புகை போட்ட ஓமலூர்க்காரரும் வரவில்லை. முந்தின வருஷமே இருமி இருமிப் போய்ச் சேர்ந்திருந்தார்.

மூடிய கிடங்குக்குள் மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு ஒன்பது வருஷம் புகை போட்டவர் அப்பா. அதில்தான் நெஞ்சு கெட்டது என்று டாக்டர்கள் எழுதிவிட்டால் மாதாமாதம் பணம் வரும். அதற்காகத்தான் சேலத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால், ஏழாவது படித்த நான் துணை.

அரூரில் பஸ் ஏறியதிலிருந்தே இருமல். கண்டக்டர் சத்தம் போட்டார்.

"யோவ், டி.பி.யா? உன்னையெல்லாம் ஆஸ்பத்திரில போட்டுப் பூட்டணும்யா. போ, கடைசி சீட்டுக்கு!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"அங்க போயி இருமிடாதீங்கப்பா" என்றேன்.

"ஆபீசர் முன்னாடியா? மிலிட்டரிக்காரன்டா நானு" என்று சிரிக்கப் போய், அதற்கும் இருமினார்.

அறைக்குள் நுழைந்ததும் அப்பா வேறு ஆளாகிவிட்டார். விறைத்து நின்று சல்யூட் அடித்தார். பெரிய டாக்டர் இந்தியில் எதைக் கேட்டாலும் "டீக் ஹை சாப்!" நல்லாயிருக்கேன் ஐயா என்று அர்த்தமாம். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கறுத்தது. இருமல் மட்டும் வரவில்லை.

மூவரில் தமிழ் தெரிந்தவர் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உண்மையச் சொல்லு. வீட்ல அப்பா இருமுவாரா?"

கண்டக்டர் சொன்ன பூட்டுதான் என் கண்முன் தொங்கியது.

"இல்லீங்க சார்."

"ராத்திரில?"

"நல்லாத் தூங்குவாருங்க."

டாக்டர் எழுதத் தொடங்கினார். அப்பா என்னைப் பார்த்தார். கண்ணில் நீர் நின்றது. அடக்கிய இருமல்தான் அப்படி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருமினார். பிறகு எனக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. முழு இங்கிலீஷும் புரியவில்லை. 'ஃபிட்' என்பது புரிந்தது.

"அம்மா, அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லியாம்! கவர்மெண்டே எழுதிட்டாங்க!" என்று களை வெட்டும் காட்டுக்கு ஓடினேன். அம்மா களைக்கொத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயில் என்று எண்ணித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அப்பா அதன்பின் இரண்டு வருஷம் இருந்தார். போன மாதம், பி.ஏ. முடித்த தைரியத்தில், அம்மாவுக்காக மறுபடி எழுதிப் போடலாமென்று பழைய காகிதங்களைப் பிரித்தேன். அவற்றில் ஒன்றில், டாக்டர்கள் ஒப்புக்கொண்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகை டைப் அடித்திருந்தது: மாதம் முப்பத்தேழு ரூபாய்.