நாலாவது நட்

வெல்லாவெளிப் பக்கம் போய் "மலிவு நாயகம் வீடு எது?" என்று கேட்டால் போதும், சின்னப் பிள்ளையும் கைகாட்டும். அருமைநாயகம் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். மனிதருக்கு ஐம்பத்து மூன்று வயது. கட்டாரில் வாகனம் திருத்தும் இடமொன்றில் ஒன்பது வருடம் எண்ணெயில் குளித்துவிட்டு ஊருக்கு வந்தவர். வீட்டோடு சேர்த்து நாலு தகரத்தை இறக்கி, அதற்குள் தன் பழைய வானை நிறுத்தி, அதைக் கராஜ் என்று சொல்லிக்கொள்வார். அயலவரின் மோட்டார் சைக்கிள், வயலுக்கு நீர் இறைக்கும் பம்ப், எது வந்தாலும் பார்ப்பார். கைராசிக்காரர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. "கழிவு விலை, கழிவு விலை" என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை லொறி வரும். அந்தச் சத்தம், மாரியில் தண்ணீர் மேலால் பாயும் தாழ்ந்த பாலமான தாம்போதிக்கு அங்கால் கேட்டாலே மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. சோற்றுக் கையோடு ஓடுவார். ஸ்பானர் செட், குறடு, மரம் அறுக்கும் வாள், வாகனம் தூக்கும் ஜக், துளை போடும் மெசின் என்று அள்ளிக்கொண்டு வருவார். மலிவுச் சாமான் எல்லாமே குப்பை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். அப்படி வாங்கிய குறடு ஒன்று ஐந்து வருடமாக வேலிக் கம்பி முறுக்குகிறது, இன்னும் பல்லு விழவில்லை. கம்பி வெட்ட, ஆணி பிடுங்க, சைக்கிளுக்குச் செயின் போட அதுவெல்லாம் தாராளம். ஆனால் ஓர் ஆளின் உயிர் தொங்குகிற இடத்துக்கும் அதையே கொண்டுபோகலாமா? அதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

நல்ல சாமான் இல்லாமலுமில்லை. கட்டாரில் இருந்து வரும்போது கடைசி மாதச் சம்பளத்தில் வாங்கிய ஸ்பானர் பெட்டி ஒன்று இருந்தது. சிவப்பு இரும்புப் பெட்டி. உள்ளே ஒவ்வொன்றும் எண்ணெய்த் துணி சுற்றிப் படுத்திருக்கும். ஊருக்கு வந்து ஆறு வருடத்தில் இரண்டு தரம் தான் வெளியே எடுத்தார். பாவித்தால் தேய்ந்துபோகுமாம்!

"அதுக்கு ஒரு பட்டுச் சீலையும் கட்டிவிடுங்க" என்பாள் மனைவி கேதீஸ்வரி.

"சிரி புள்ள, சிரி. நல்ல சாமான எப்பவும் ஒதுக்கித்தான் வைக்கணும்."

கேதீஸ்வரிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி இரண்டு வருடமாகிறது. திங்களும் வியாழனும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மெசின் போட்டு இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் ஏறும், மூச்சு முட்டும். அந்த வான் அவளுக்காகவே ஓடியது. வேறொரு சவாரிக்கும் அவர் அதை எடுப்பதில்லை.

இந்த வருடம் நவராத்திரிக்குக் கும்பம் வைத்த முதல் நாளே அவர் சிவப்புப் பெட்டியைக் கொண்டுபோய் அதனடியில் வைத்தார். ஊரில் ஒன்பதாம் நாள்தான் ஆயுதம் வைப்பார்கள். இவர் ஒன்பது நாளும் வைப்பதென்று நேர்ந்துகொண்டார். சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, "தசமி வரைக்கும் இதத் தொடமாட்டன் தாயே, அவளை மட்டும் எனக்கு விட்டுவை" என்று கும்பிட்டார். நேர்த்தியைக் கேதீஸ்வரிக்குச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் திங்கட்கிழமை. மழை மூன்று நாளாக விடவில்லை. கேதீஸ்வரியால் ஞாயிறு இரவு படுக்க முடியவில்லை, தலையணையை அணைத்துக்கொண்டு குந்தியே இருந்தாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. விடிந்ததும் அருமைநாயகம் வானடிக்குப் போனார். பின் சில்லு காற்றுப் போய் நிலத்தோடு அமர்ந்திருந்தது.

அந்நேரம் பார்த்துப் பக்கத்து வளவுத் திவாகரன் பின்னால் பெட்டி பூட்டிய உழவு மெசினில் வந்து நின்றான்.

"அண்ண, மண்டூர் ரோட்டுத் தாம்போதியில தண்ணி ஏறிக்கொண்டு வருகுது. எட்டு மணிக்குள்ள வான் கடந்திரணும். மறுகா வானால ஏலாது. வேணுமெண்டா இப்பவே அக்காவ என்ட பெட்டியில ஏத்துவம்."

"இந்த மழையில திறந்த பெட்டியிலயா? அவள் தாங்கமாட்டாள் தம்பி. பத்து நிமிசத்தில சில்ல மாத்திருவன்."

பத்து நிமிடமாம். ஒன்பது வருடம் கட்டாரில் சில்லு மாற்றிய கையல்லவா, அந்தத் திமிர் பேசியது. போன மாதம் லொறியில் வாங்கிய செட்டை எடுத்து, நட்டுக்கு மாட்டி, கைபிடியில் ஏறி நின்று மிதித்தார். முதல் நட் இளகியது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் ஸ்பானர் 'சர்' என்று வழுகியது. குனிந்து பார்த்தார். வாய் கொஞ்சம் பெரிது, அந்தச் சனியனுக்கு. மெல்லிய துணியை வைத்து இறுக்கி, திரும்பவும் மிதித்தார். 'டக்' என்று ஸ்பானர் நெடுக வெடித்தது. கால் தவறிச் சேற்றில் விழுந்தார்.

நட்டின் ஒரு மூலை தேய்ந்திருந்தது. மற்ற ஐந்து மூலையும் நன்றாகத்தான் இருந்தன. சரியான ஸ்பானர் அப்போதே மாட்டியிருந்தால் ஒரே மிதியில் கழன்றிருக்கும். அது அவருக்கும் தெரியும். எழும்பி வீட்டுக்குள் ஓடினார். கும்பத்துக்கு முன்னால் போய் நின்றார். கை பெட்டிவரை போனது, பிறகு சுட்டதுபோலத் திரும்பியது. நாளை மறுநாள்தான் தசமி. இன்றைக்குத் தொட்டால் நேர்த்தி போச்சு. நேர்த்தி போனால் அவளும் போனால்? பேயன், பேயன்! ஆனால் அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் அந்தப் பயம் விளங்கும்.

வெறுங்கையோடு வெளியே வந்தார். மலிவுக் குழாய்ச் சாவியை எடுத்துக் கவ்வ வைத்தார், பல்லு மழுங்கியது. குறட்டால் பிடித்தார். சுத்தியலால் தட்டினார். மூலை ஒவ்வொன்றாக உருண்டு, நட் கோலிக்குண்டு மாதிரி ஆனது. மணி ஏழே முக்கால்.

வாசற்படியில் சாய்ந்திருந்த கேதீஸ்வரி மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னாள். "இஞ்சாருங்க... அந்தச் சிவத்தப் பெட்டி... அத எடுங்களன்."

"சாமிக்கு வச்சது புள்ள. ஒனக்காக நேந்து வச்சது."

"எனக்காகவோ? அப்ப எடுங்க."

எடுத்தார். சந்தனத்தோடும் குங்குமத்தோடும் எடுத்தார். கட்டார் ஸ்பானரை நட்டில் மாட்டினார். பிடிக்க மூலை இருந்தால்தானே! அந்த நல்ல இரும்பு தேய்ந்த நட்டில் சும்மா சுற்றியது. இன்னொரு தரம் மாட்டினார். அப்போதும் சும்மா சுற்றியது. உளியை வைத்து வெட்டப் பார்த்தார். மழையில் கை வழுக்கி, சுத்தியல் பெருவிரலில் இறங்கியது. இரத்தம் சில்லில் வடிந்தது. "கழருடா, கழரு!" என்று வாகனத்தைப் பார்த்துக் கத்தினார். ஒன்பது வருடம் அரபிகளின் வாகனத்துக்கெல்லாம் சில்லு மாற்றினேனே, என் பெண்சாதிக்கு ஒன்று மாற்ற ஏலாமல் போயிற்றே என்று அந்த இடத்திலேயே குந்தி அழுதார்.

திவாகரன் உழவு மெசின் பெட்டியில் மெத்தையைப் போட்டு, மேலே மழைக்குப் படங்குத் துணி கட்டினான். அம்புலன்சுக்குப் போன் அடித்தான். தாம்போதிக்கு அங்கால் வந்து நிற்கலாம், தண்ணீருக்குள் இறங்க முடியாது என்றார்கள்.

தாம்போதியை அடையும்போது ஒன்பதரை. இரண்டு கரையும் தெரியவில்லை. அடையாளக் கட்டைகளின் தலை மட்டும் வெளியே நின்றது. மெசின் தண்ணீருக்குள் இறங்கியதும் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அருமைநாயகம் கேதீஸ்வரியைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு எடுக்கும்போது உள்ளே நீர் கொதிப்பது போலச் சத்தம் கேட்டது.

"ஆறு வருசமா..." என்றாள். "அத ஆருக்காக வச்சிருந்தீங்க?"

"பேசாத புள்ள. கரை வந்திற்று."

"சொல்லுங்க."

"ஒனக்குத்தான். எல்லாம் ஒனக்குத்தான். நல்லது தேயாம இரிக்கட்டும் எண்டு..."

அவள் கொஞ்ச நேரம் மூச்சுக்குத் தவித்தாள். பிறகு அவர் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்.

"நான் இரிக்கக்குள்ளயே எடுங்க, மனிசன். செத்தாப்போல எடுத்து என்னத்துக்கு?"

படங்கின் ஓட்டையால் அவள் முகத்தில் மழை விழுந்தது. இரத்தம் காயாத கையால் அதை மறைத்துப் பிடித்தார்.

அங்கால் அம்புலன்ஸ் நின்றது, ஒட்சிசன் கொடுத்தார்கள். பதினொன்றரைக்கு மெசின் போட்டார்கள். கதவுக்கு வெளியே சேற்றுக் காலோடு நின்ற அருமைநாயகத்தை உள்ளே போய் வந்த தாதி மூன்று தரம் கதிரையில் இருக்கச் சொன்னாள், அவர் இருக்கவில்லை. நாலு மணிபோல அவளே வந்து, "ஐயா, மூச்சுச் சரியாப் போச்சு. கொஞ்சம் பிந்தியிருந்தா எங்களாலயும் ஏலாமப் போயிருக்கும்" என்றாள். மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து நிலத்தில் இருந்தார். வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார்.

தாதி ஒரு கடதாசித் துண்டைக் கையில் கொடுத்தாள். அடுத்த முறை வியாழக்கிழமை காலை எட்டு மணி என்று எழுதியிருந்தது. வெளியே மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. தாம்போதியில் தண்ணீர் மேலும் ஏறியிருக்கும். வீட்டில் வான் அந்தச் சில்லோடுதான் நிற்கிறது.

இடையில் இரண்டு நாள்தான்.